மானண்ணையின் பிக்கப்

ஒரு மானின் ஈரலுக்காக, அந்த மான் காட்டில் உயிரோடு புல் மேய்ந்துகொண்டிருக்கும்போதே இரண்டு குடும்பங்களைச் சண்டைபிடிக்க வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். தொண்ணூறுகளின் நடுவில் அவர் கனடாவில், ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில், நான் இருந்த அதே மாடிக் கட்டடத்தின் ஆறாவது தளத்தில் குடியிருந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று கீழே அவருடைய தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதை வாசித்தவர் தபால்காரர் மட்டும்தான். எங்களுக்கெல்லாம் அவர் மானண்ணை.

எந்தப் பேச்சை எடுத்தாலும் அது மானில்தான் போய் முடியும். பனி கொட்டுகிறதே என்று அலுத்துக்கொண்டால், பனியில்தான் மானின் அடி துல்லியமாகத் தெரியும் என்பார். லிஃப்ற் பழுதாகி நாங்கள் படியேறி மூச்சு வாங்கும்போது, வன்னிக் காட்டில் மானைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு கட்டை தூரம் நடந்த கதையைச் சொல்வார். ஊரில் அவர் வன்னிப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மனேஜராக இருந்தவர். அரிசியும் சீனியும் நிறுக்க வேண்டிய மனேஜருக்கு மானைத் துரத்த எங்கே நேரம் கிடைத்தது என்று கேட்கும் துணிவு யாருக்கும் வரவில்லை. கேட்டால் இன்னொரு மான் வரும்.

மானண்ணைக்கு வேலை மிசிசாகாவில், யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில். பஸ், சப்வே, பிறகு இன்னும் இரண்டு பஸ் என்று போய்ச் சேர இரண்டேகால் மணித்தியாலம். வாகனம் வாங்கியே ஆக வேண்டிய நிலை. அவருடைய மனைவி பூமணியக்கா நாலு கதவுள்ள ஒரு கார் வாங்கச் சொன்னார். எங்கள் சனம் எல்லாம் அதைத்தான் வாங்கியது. மானண்ணை பின்னால் திறந்த தட்டுள்ள பிக்கப்தான் வேண்டும் என்று நின்றார். பெரிய பிக்கப் பெற்றோல் குடிக்கும், கட்டடத்துப் பார்க்கிங்கில் அடங்காது. ஆகவே சின்னப் பிக்கப். அதுவும் பழசு. நாளாந்தம் வேலைக்கு ஓடலாம், நவம்பரில் வேட்டைக்கு ஓடலாம் என்பது அவருடைய திட்டம்.

மூன்று கிழமையாக அந்த வீட்டில் சமையல் நடந்தது, பேச்சு நடக்கவில்லை. கடைசியில் அக்கா இறங்கி வந்தபோது நான் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். சாட்சிக்கு ஒரு ஆள் கிடைக்கட்டும் என்றுதான் அவர் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"வாங்குங்கோ. ஆனா இந்த வருசம் முடியிறதுக்குள்ளை உந்தப் பிக்கப்பிலை ஒரு மான் இந்த வீட்டுக்கு வரவேணும். தலையோடை வரவேணும். வராட்டி அதை வித்துப்போட்டு நான் சொல்லுற காரை வாங்கவேணும். பிறகு இந்த வீட்டிலை மான் எண்ட கதையே இருக்கக்கூடாது."

மானண்ணை யோசிக்காமல் ஓம் என்றார். தலை எதற்கு என்று கேட்டவன் நான்தான். கடை இறைச்சியைக் காட்டி ஏய்க்கக்கூடாதே என்றார் அக்கா. பதினெட்டு வருசம் ஒரே வீட்டில் வாழ்ந்த அனுபவம் பேசியது.

அடுத்த சனிக்கிழமையோடு என் நிம்மதி போனது. நான் அப்போது ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தேன். அதனால் வாகனங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று மானண்ணை முடிவுகட்டிவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த வாகனத்துக்குப் பெற்றோல் மூடி எந்தப் பக்கம் என்பது மட்டும்தான். ஆனாலும் போனேன். இங்கிலிஷ் பேசவும் ஒரு ஆள் தேவைப்பட்டது.

பழைய வாகனம் பார்க்கப் போகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், ரயரை உதைப்பார்கள், குனிந்து அடிப்பக்கத்தை, பனிக்குக் கொட்டும் வீதி உப்பு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்ப்பார்கள். மானண்ணை இதொன்றும் செய்யமாட்டார். நேரே பின்பக்கம் போவார், கதவை இறக்குவார், ஏறிப் படுத்துவிடுவார். கை கால்களை மடக்கி, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, நாக்கைக் கொஞ்சம் வெளியே விட்டு, செத்த மானாகவே மாறிவிடுவார். பின் கதவை மூடிப் பாரும் தம்பி என்று செத்த மான் எனக்கு உத்தரவு போடும். அடங்கினால் அடுத்த கட்டம். அவரைவிட நான் உயரம். பெரிய மானுக்கும் இடம் காணுமா என்று பார்க்க நான் படுக்க வேண்டும்.

மிசிசாகாவில் ஒரு வீட்டில், சாவி எடுக்க உள்ளே போன வெள்ளைக்கார அம்மா திரும்பி வந்தபோது, தன்னுடைய பிக்கப்பில் ஒரு மனிதர் நாக்கு வெளியே தள்ளக் கிடப்பதைக் கண்டு அம்புலன்ஸைக் கூப்பிட ஓடினார். நான் பின்னால் ஓடி, அவருக்கு ஒன்றுமில்லை, அவர் இப்போது மானாக இருக்கிறார் என்று விளக்கினேன். அதன்பிறகு அந்த அம்மா பொலிசைக் கூப்பிட நினைத்தார்.

ஸ்காபரோவிலேயே வோபர்னில் நம்மவர் ஒருவரிடம் நல்ல பிக்கப் ஒன்று இருந்தது. காப்பெற் போடும் வேலைக்கு ஓடியது. துரு இல்லை, எஞ்சின் சத்தமில்லை, விலையும் நியாயம். இதை விடவேண்டாம் என்று நான் காதுக்குள் சொன்னேன். மானண்ணை ஒரேயொரு கேள்வி கேட்டார்: இதில் எப்போதாவது மான் ஏறியிருக்கிறதா? அந்த அப்பாவி, இல்லையண்ணை, காப்பெற்றும் பெயின்ற் வாளியும்தான் ஏறியது என்று உண்மையைச் சொல்லிவிட்டார். ராசியில்லாத வண்டி என்று மானண்ணை திரும்பி நடந்தார்.

கடைசியில் நகரத்துக்கு வடக்கே ஒன்றரை மணித்தியாலம் தள்ளி, ஒரு கிழவனாரின் வளவில் சிவப்பு நிறச் சின்னப் பிக்கப் ஒன்று நின்றது. சிவப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி துரு. அதே கேள்வியை நான் மொழிபெயர்த்தேன். கிழவனார் விரல்விட்டு எண்ணிப் பதினொரு மான் என்றார். கொஞ்சம் யோசித்து ஒரு கரடியையும் சேர்த்துக்கொண்டார். மானண்ணையின் கண் கலங்கிவிட்டது. நான் இதற்கிடையில் உள்ளே ஏறி, கால்வைக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு ஒரு ஓட்டை. கீழே புல் தெரிந்தது. பதறிப்போய் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மானண்ணை எட்டிப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உது உம்மடை பக்கந்தானே தம்பி" என்றார்.

அன்று அதை வாங்கித் திரும்பி வரும் வழியெல்லாம் என் இரண்டு காலுக்கும் நடுவில் 400 நெடுஞ்சாலை ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் அவர் அந்த ஓட்டைக்கு மேல் ஒரு தகரத் தட்டை வைத்து, அதன்மேல் விரிப்பைப் போட்டார். பூமணியக்கா தன் கேக் தட்டைக் காணவில்லை என்று அந்தக் கோடை முழுவதும் தேடினார். அந்தத் தட்டில் காலை வைத்துக்கொண்டுதான் நானும் அவரோடு சேர்ந்து அக்கா சொன்ன இடமெல்லாம் தேடினேன்.

பிக்கப் வந்தபிறகு கட்டடத்தில் ஒரு புது வழக்கம் உண்டானது. அந்த நாட்களில் நம்மவர்கள் வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள். மாதக் கடைசி வந்தால் ஒரு சோபா இறங்கும், ஒரு கட்டில் ஏறும். எல்லோருக்கும் மானண்ணையின் பிக்கப்தான். வேலை முடிந்து வந்த களைப்போடு அலுக்காமல் போவார். வேறு யாராவது என்றால் உதவி செய்துவிட்டு ஒரு நன்றியையாவது எதிர்பார்ப்பார்கள். இவர் உதவியும் செய்துவிட்டு, பரிசும் அறிவிப்பார். நவம்பரில் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பார்.

பங்கு என்றால் எங்கள் சனத்துக்கு விளக்கம் தேவையில்லை. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு ஆட்டைப் பிடித்து, வெட்டிப் பிரித்துக்கொள்வது வழக்கம். மானண்ணை ஒரு கொப்பியில் பெயர்களை எழுதத் தொடங்கினார். எந்த வீட்டுக்கு நெஞ்சு, எந்த வீட்டுக்குத் தொடை, யாருக்கு எலும்பில்லாமல் என்று எல்லாம் விபரமாக இருந்தது. ஓகஸ்ற் மாதத்தில் இருபத்துமூன்று வீடு சேர்ந்துவிட்டது. நான் முதலில் சொன்ன ஈரல் சண்டை அப்போதுதான் வந்தது. ஒன்பதாம் மாடி ஓய்வுபெற்ற தபால் அதிபருக்கும், மூன்றாம் மாடி நேர்ஸ் அன்ரிக்கும் ஒரே ஈரலை அவர் எழுதிக் கொடுத்திருந்தார். இருவரும் லிஃப்றுக்குள் சந்தித்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மான் இதொன்றும் தெரியாமல் எங்கோ மேய்ந்துகொண்டிருந்தது.

வேட்டை அனுமதிக்கு ஒரு வகுப்பும் சோதனையும் இருந்தது. மானண்ணை புத்தகத்தை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை பாடமாக்கிப் பாஸ் பண்ணினார். பிறகு சட்டப்படி ஒரு பழைய துவக்கும், அதைப் பூட்டிவைக்க ஒரு பெட்டியும் வந்தன. அன்றுதான் பூமணியக்கா உண்மையாகவே கோபப்பட்டார். சத்தம் போடவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து வீடு வாசலை விட்டு ஓடி வந்த சனம் நாங்கள், தம்பி. இவர் காசு குடுத்து அதை வீட்டுக்கை கொண்டு வந்து வைச்சிருக்கிறார்."

மானண்ணை அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அலுமாரியின் மேல் தட்டில், சூட்கேஸுகளுக்குப் பின்னால் வைத்தார்.

நவம்பர் வந்தது. மான் சுட அனுமதித்த காலம் குறுகியது. மானண்ணை அதில் ஒரு கிழமைக்கு வேலையில் லீவு எடுத்திருந்தார். லீவு தொடங்கும் நாளுக்கு முதல்நாள் அக்கா சுவரில் தொங்கிய தமிழ்க் கலண்டரைக் காட்டினார். அந்தக் கிழமை கந்தசஷ்டி. ஆறு நாளும் வீட்டில் விரதம். கனடா அரசாங்கத்தின் வேட்டைப் புத்தகத்தை வரி விடாமல் பாடமாக்கியவர், சொந்த வீட்டுக் கலண்டரைப் பார்க்க மறந்துவிட்டார்.

மானண்ணை விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். முருகப்பெருமானே வள்ளியிடம் வேட்டைக்காரனாகத்தானே வந்தார் என்று கேட்டார். நல்ல வாதம் என்றுதான் எனக்கும் பட்டது.

"வந்தவர்தான்" என்றார் அக்கா. "மானைச் சுடவே வந்தவர்? மான் பெத்த பிள்ளையைக் கட்ட வந்தவர்."

அத்தோடு வழக்கு முடிந்தது. வேட்டைக்கென்று எடுத்த லீவு முழுவதும் மானண்ணை மரக்கறி சாப்பிட்டுக்கொண்டு, பிக்கப்பில் அக்காவைக் கோயிலுக்கு ஏற்றி இறக்கினார். வெள்ளிக்கிழமை சூரன்போர். சனிக்கிழமை காலையில் பாறணையோடு விரதம் முடியும். வேட்டைக்காலமும் அந்தச் சனிக்கிழமையோடு முடிந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மான், இருபத்துமூன்று வீடு. கிடைக்காவிட்டால் பிக்கப் போய்விடும். அதைவிட, கட்டடத்தில் யார் முகத்திலும் முழிக்க ஏலாது.

சனி விடியப் புறப்பட்டோம். அக்கா பிட்டும் சம்பலும் கட்டித் தந்தார். காட்டில் செம்மஞ்சள் நிறம் உடுத்த வேண்டும் என்று சட்டம். மானண்ணைக்கு அந்த நிறத்தில் ஒரு சட்டை இருந்தது. எனக்கு இல்லை. அக்காவின் பழைய செம்மஞ்சள் சேலையைப் போர்த்துக்கொண்டு, விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்தேன். கால் விறைத்துவிட்டது. இனி வராது என்று நான் நினைத்த நேரத்தில் அது வந்தது.

பெண் மான். நாற்பது அடி தூரம்கூட இருக்காது. பதற்றமில்லாமல் வந்து, எங்களுக்கு நேரே நின்று நிமிர்ந்து பார்த்தது. மானண்ணை துவக்கைத் தூக்கிக் குறி வைத்தார். நான் காதைப் பொத்திக் கண்ணையும் மூடிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் துவக்கு கீழே இறங்கியிருந்தது. மானும் மானண்ணையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மானண்ணை இருமினார். அது சளி இருமல் இல்லை. கடைக்கு வந்தவர் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றால் மனேஜர் இருமுவாரே, அந்த இருமல். மான் இரண்டு பாய்ச்சலில் மறைந்தது.

காற்று மாறிவிட்டது என்றார் மானண்ணை. காற்றே இல்லை.

பிக்கப்பில் ஏறி இருந்தும் அவர் ஸ்ராட் பண்ணவில்லை. துவக்கை உறையில் போட்டு, பூட்டிப் பின்னால் வைத்துவிட்டு, ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"நான் ஒரு நாளும் ஒண்டையும் சுட்டதில்லை தம்பி. சுடுறவங்கள் கொண்டுவந்து தருவாங்கள். நான் சங்கக்கடைத் தராசிலை நிறுத்து, தேக்கமிலையிலை சுத்தி வீடு வீடாய்க் கொண்டுபோய்க் குடுப்பன். அண்டைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் சனம் சிரிச்சுக்கொண்டு வாசலுக்கு வரும்." முன்கண்ணாடியில் படிந்த ஈரத்தை உள்ளங்கையால் துடைத்தார். "இண்டைக்குச் சுடலாம் எண்டுதான் வந்தனான். ஆனா அது எங்களைக் கண்டு ஓடேல்லைப் பார்த்தீரே. துவக்கைக் கண்டு பயப்பிடாத ஒரு சீவனை நான் இப்பதான் முதல்முதல் காணுறன்."

இத்தனை மாதமும் அவரை நக்கலடித்த நான், பிட்டுப் பொதியை அவிழ்த்து அவர் மடியில் வைத்தேன்.

நடந்த பாவத்தில் பாதி என்னுடையது. வரும் வழியில் நம்மவர்கள் பங்குக்கு ஆடு வாங்கும் ஒரு பண்ணை இருப்பதை ஞாபகப்படுத்தியவன் நான். மூன்று ஆடு எடுத்தோம். பண்ணைக்காரரே வெட்டி, உரித்து, துப்புரவாக்கித் தந்தார். தோலை உரித்தபிறகு ஆடென்ன மானென்ன என்றார் மானண்ணை. அவருக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது. மானுக்குத் தலை ஒன்றுதான் என்பதால் இரண்டு தலையை அங்கேயே விட்டார். கால் நாலுதான் என்பதால் எட்டுக் குளம்பைத் திருப்பிக் கொடுத்தார். சங்கக்கடை இருப்பெடுத்த மூளை அது. பண்ணைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, முக்கியமாகச் சேலை போர்த்த என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் பைகளில் போட்டுக் கட்டினார்.

பின்னேரம் பிக்கப் கட்டடத்துக்குள் நுழைந்தபோது பார்க்கிங்கில் பாதிச் சனம் நின்றது. மானண்ணை தலைப் பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, தராசும் கொப்பியுமாகப் பங்கு பிரிக்கக் குந்தினார். தேக்கமிலைக்குப் பதில் அலுமினியத் தாள். மறுநாள் காலையில் தளம் தளமாக ஏறி இறங்கிப் பங்கு கொடுத்தார். நான் பை தூக்கினேன். அவர் சொன்னது சரிதான். கதவைத் திறந்த ஒவ்வொரு முகமும் சிரித்தது. ஒன்பதாம் மாடிக்கும் ஒரு முழு ஈரல், மூன்றாம் மாடிக்கும் ஒரு முழு ஈரல். ஒரு மானுக்கு இரண்டு ஈரல் எப்படி வந்தது என்று தபால் அதிபரும் கேட்கவில்லை, முப்பது வருசம் ஆஸ்பத்திரியில் வேலை செய்த நேர்ஸ் அன்ரியும் கேட்கவில்லை. இருவரும் அன்று லிஃப்றுக்குள் கதைத்துக்கொண்டு போனார்கள்.

மான் இறைச்சி என்றால் அதுக்கென்று ஒரு காட்டு வாசம் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து ஆட்டிறைச்சி தின்று வளர்ந்த சனம். தெரிந்துகொண்டுதான் சொல்லுகிறார்களோ என்று எனக்கு அப்போதே சந்தேகமாகத்தான் இருந்தது.

மத்தியானம் அக்கா எனக்கும் சோறு போட்டார். மானண்ணை குளிக்கப் போயிருந்தார். கறியை வைத்துக்கொண்டே, மானைக் கண்டீரோ தம்பி என்று கேட்டார். கண்டேன் என்றேன். அது உண்மை. இவர் குறி வைத்தவரோ என்று கேட்டார். வைத்தவர் என்றேன். அதுவும் உண்மை. மூன்றாவது கேள்விக்காக நான் சோற்றைப் பிசைந்துகொண்டு காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டு ஆறுதலாகச் சப்பினார்.

"மான் நல்லாத்தான் இருக்கு" என்றார். "பிக்கப் நிக்கட்டும்."

திங்கட்கிழமை விடிய என் கதவு தட்டப்பட்டது. மானண்ணை வேலை உடுப்போடு, முகம் வெளிறிப்போய் நின்றார். பிக்கப் சாவியை என் முன்னால் நீட்டினார். சாவி வளையத்தில் புதிதாக ஒரு மஞ்சள் பிளாஸ்ரிக் துண்டு கோர்த்திருந்தது. அதில் ஒரு எண் அச்சடித்திருந்தது. பண்ணை ஆட்டின் காதில் குத்தும் அடையாளத் துண்டு. தலைப் பையின் அடியில் கிடந்ததை, கழுவும்போது அக்கா எடுத்திருக்க வேண்டும். எடுத்து, கழுவித் துடைத்து, சாவியோடு கோர்த்து, வழமையான ஆணியில் கொழுவிவிட்டார். ஒரு சொல் சொல்லவில்லை.

மானண்ணையும் கேட்கவில்லை. பிக்கப் துருவோடு துருவாகிப் போகும்வரை அந்தத் துண்டு அந்தச் சாவியில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. துவக்கை அவர் அடுத்த மாதமே விற்றுவிட்டார். வேட்டைக்கு என்று வருசம் தவறாமல் நவம்பரில் ஒரு சனிக்கிழமை போனோம். வருசம் தவறாமல் மான் வந்தது. அக்கா வருசம் தவறாமல் பிட்டும் சம்பலும் கட்டித் தந்தார், சேலையையும் எடுத்துத் தந்தார்.

போன மாதம் அவர்களைப் பார்க்கப் போனேன். இப்போது சொந்த வீடு, வாசலில் நாலு கதவுள்ள கார். அந்தக் காரின் சாவியிலும் மஞ்சள் துண்டு தொங்கியது. எண் தேய்ந்து அழிந்துவிட்டது. வெளிக்கிடும்போது மானண்ணை அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு பொதியை என் கையில் வைத்து, மான் தம்பி என்றார். பின்னால் நின்ற அக்கா வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்.

நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். இந்த மனிதர் பங்கு கொடுக்கப் போகிறார் என்றால், எந்த ஓட்டைக்கு மேலும் காலை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் இருக்க எனக்குச் சம்மதம்.